மைனஸ் பக்கம்

காஞ்சிபுரத்திலிருந்து இரவில் உத்திரமேரூர் திரும்புகிறவனுக்கு மாகறல் வரைக்கும் சாலையில் துணை கிடைக்கும். பாவு மூட்டையைப் பின்னால் கட்டிய டிவிஎஸ் ஃபிஃப்டி, காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக வரும் குட்டியானை, தூங்கி வழியும் ஏழெட்டுப் பேரோடு கடைசிப் பேருந்து என்று ஏதாவது ஒன்று முன்னாலோ பின்னாலோ வந்துகொண்டிருக்கும். செய்யாற்றைத் தாண்டிவிட்டால் அப்புறம் நீங்களும் புளியமரங்களும்தான். அடிமரத்தில் நெடுஞ்சாலைத் துறை பூசிய வெள்ளை கறுப்புப் பட்டையும் அதன்மேல் எழுதிய எண்ணும் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எழுந்து வந்து விலகிப் போகும். போன ஐப்பசியில் ஓர் இரவு அந்த மரங்கள் திடீரென்று துடிக்கத் தொடங்கின.

துடித்தவை மரங்கள் அல்ல, என் காரின் முன்விளக்குகள் என்று புரிய இரண்டு மூன்று நொடி ஆனது. அதற்குள் கால் தானாக பிரேக்கில் போய்விட்டது. விளக்கு முழுக்க அணைந்துபோனால் பயம் ஒரே முறையில் வந்து முடிந்துவிடும். வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடலாம். விட்டு விட்டு எரியும் விளக்கு அப்படி விடுவதில்லை. பார்த்தது பள்ளமா, மாடா, வெறும் நிழலா என்று ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை கேட்க வைக்கிறது. அன்று வீடுவரை இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேர்ந்தேன்.

வண்டிக்கு வயது இருபத்திரண்டு. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இத்தனை வருஷம் உழைத்த வண்டிக்காக அதைச் செய்தவர்களைக் குறை சொல்வது, எழுபது வயதில் முட்டி வலிக்கிறது என்று பிறந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பது மாதிரி.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். விளக்கைப் போட்டார். குத்துவிளக்குபோல அசையாமல் எரிந்தது. பல் டாக்டர் வீட்டுப் படியேறியதும் வலி நின்றுவிடுமே, அதேதான். “நல்லாத்தானே சார் எரியுது” என்றார். நான் ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் போல நின்றேன். சரி, வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று இரண்டு பல்பையும் மாற்றினார். எச்4 ரகம், டிம்மில் 55 வாட், பிரைட்டில் 60 வாட். நாலு நாள் கழித்து அதே இடத்தில் அதே துடிப்பு.

இரண்டாமவர் பேட்டரியைத் திறந்து பார்த்து “டெர்மினல் பூத்திருக்கு” என்றார். வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது உண்மைதான். வெந்நீர் ஊற்றித் தேய்த்து வாசலின் தடவி முடுக்கினார். அது நல்ல வேலை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும் சத்தமே மாறிவிட்டது. விளக்கு மட்டும் மாறவில்லை. மூன்றாமவர் ஓர் இளைஞர். பழைய பல்பையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு எல்ஈடி போட்டுக்கொள்ளுங்கள், பகல் மாதிரி இருக்கும் என்றார். எதிரே வருகிறவனுக்கு அது பகலாக இராது. நட்ட நடுக் கண்ணில் சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும். முன்விளக்கின் நடுவே போலீஸ்காரர்கள் திருஷ்டிப் பொட்டு மாதிரி கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய காலம் நினைவிருக்கிறவனால் அதற்கு ஒப்ப முடியவில்லை.

அதோடு, எல்ஈடி போட்டால் இந்த நோய் இன்னும் மோசமாகத்தான் தெரியும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஹாலஜன் பல்பின் டங்ஸ்டன் இழை ஏறத்தாழ மூவாயிரம் டிகிரி சூட்டில் ஒளிர்வது. மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளி அறுந்தாலும் அந்தச் சூடு உடனே ஆறிவிடாது. மிச்சச் சூட்டிலேயே கொஞ்சம் ஒளிர்ந்து அந்த இடைவெளியை மறைத்துவிடும். எல்ஈடிக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. மின்சாரம் இல்லையென்றால் அந்த நொடியே இருட்டு. அப்படியென்றால் என் ஹாலஜன் விளக்கு கண்ணுக்குத் தெரியும்படி துடித்தது என்பதற்கே ஓர் அர்த்தம் இருந்தது: தொடர்பு லேசாக அல்ல, நன்றாகவே அறுந்து அறுந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

விளக்கு மினுக்குவது நோயே அல்ல, வண்டியின் சுபாவம் என்று இருந்த காலமும் ஒன்று உண்டு. எழுபதுகளின் கடைசியில் என் மாமாவிடம் ஓர் அம்பாசிடர் இருந்தது. டிம் அடிப்பதற்குக் கையில் ஒன்றும் இராது. கிளச்சுக்கு இடப்பக்கம் தரையில் ஒரு குமிழ், அதை இடது காலால் மிதிக்க வேண்டும். ஆல்டர்நேட்டர் கிடையாது, டைனமோ. மெதுவாகச் சுற்றும்போது டைனமோவால் பேட்டரிக்கு ஈடுகொடுக்க முடியாது. அந்த நேரம் பேட்டரியிலிருக்கும் மின்சாரம் பின்வாங்கி டைனமோவுக்குள்ளேயே ஓடிவிடாதபடி இணைப்பை வெட்டிவிட ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அதற்குப் பெயர் கட்டவுட். சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கும் ஐம்பதடிக் கட்டவுட் ஒன்றுதான் எனக்கு அப்போது தெரியும். மாமா “கட்டவுட் போயிடுச்சுடா” என்றபோது எம்ஜிஆர் படத்தை யாரோ கிழித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ரயில்வே கேட்டில் வண்டி நின்றால் விளக்கு பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு இறங்கும். மாமா ஆக்சிலேட்டரை விட்டுக் காலை எடுக்க மாட்டார். உறுமிக்கொண்டே நின்றால்தான் வெளிச்சம்.

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருக்கிறவர்களிடையே உலகமெங்கும் ஒரு கேலி ஓடுகிறது. அந்தக் கார்களின் மின் சாமான்களைச் செய்த லூக்காஸுக்கு ‘இருளின் இளவரசன்’ என்று பட்டம் கட்டி, அவர்களுடைய விளக்கு சுவிட்சில் மங்கல், மினுக்கல், அணைப்பு என்று மூன்றே நிலைதான் என்பார்கள். ஜோசப் லூக்காஸ் பர்மிங்காம் தெருக்களில் மண்ணெண்ணெய் விற்று, பிறகு சைக்கிள் விளக்கு செய்து முன்னுக்கு வந்தவர். அவர் பெயரால் வளர்ந்த கம்பெனி 1961இல் டிவிஎஸ் குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து நம் சென்னையின் பாடியில் தொழிற்சாலை தொடங்கியது. கேலி என்னவோ கேலிதான். அந்த வண்டிகள் மினுக்கியதற்குப் பாதிக் காரணம் பெட்டிக்குள் இராது, வண்டியின் பாடியில் இருக்கும் என்பதை நான் தெரிந்துகொள்ள இத்தனை வயதாகியிருக்கிறது. பாடியில் செய்த டைனமோவுக்குப் பாடியில் கோளாறு. இந்தச் சிலேடையை எழுதாமல் விட மனம் வரவில்லை.

நாலாவதாகப் போனது உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம். அறுபது வயதிருக்கும். தகரக் கூரை, ஒரு மேஜை, பிரித்துப் போட்ட செல்ஃப் மோட்டார்கள். வண்டிப் பக்கமே அவர் வரவில்லை. ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

“ரெண்டு லைட்டுமா சார், ஒண்ணா?”

“ரெண்டும்.”

“சேந்தாப்ல துடிக்குதா, மாத்தி மாத்தியா?”

“சேந்துதான்.”

“அப்ப பல்பு இல்ல, ஹோல்டரும் இல்ல. பல்ப மாத்திட்டாங்களா?”

மாற்றிவிட்டார்கள் என்றேன். சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். “ரேஸ் பண்ணா கூடுதா கொறையுதா?”

“அதெல்லாம் இல்ல. பள்ளத்துல எறங்குனா வருது.”

“அப்ப ஆல்டர்நேட்டரு, பெல்ட்டு, பிரஷ்ஷு எதையும் தொட வேணாம். டிம்முலயும் பிரைட்டுலயுமா?”

“ரெண்டுலயும்.”

“டிம்மர் சுவிட்சும் போச்சு. லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டுக்கினு பாத்தீங்களா?”

அதைப் பார்த்திருக்கவில்லை. இண்டிகேட்டருக்கும் ஹெட்லைட்டுக்கும் என்ன சம்பந்தம்? “வண்டி இங்கயே இருக்கட்டும். இருட்டுனப்புறம் வாங்க, ஒரு சுத்து போய்ப் பாப்போம்” என்றார். மூன்று மெக்கானிக்குகளும் பகலில் பார்த்த நோயை இரவில் பார்க்க வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் அவர்.

மணி நாலரை. வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குச் சோம்பலாக இருந்தது. வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நடந்தேன். உள்ளூர்க்காரர்கள் யாரும் கல்வெட்டுப் பார்க்க அங்கே போவதில்லை. தேர்தல் வந்தால் பத்திரிகைக்காரர்கள்தான் வருவார்கள். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும், ஊர்ச்சபை கூடி, வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலைக்கு வகுத்த விதிகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. முப்பது குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சபை நடுவே குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். அவன் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே!

இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அன்று தோன்றியது வேறு. யாரைப் போடலாம் என்று சொல்வதற்கு அந்தக் கல்வெட்டுக்குச் சில வரி போதுமாக இருக்கிறது: கால்வேலி இறை நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, படிப்பு. யாரைப் போடக் கூடாது என்பதுதான் நீண்டுகொண்டே போகிறது. ஸ்டூலில் உட்கார்ந்து எலக்ட்ரீசியன் செய்ததும் இதுதானே! எது கோளாறு என்று அவர் தேடவே இல்லை. பல்பு இல்லை, பெல்ட்டு இல்லை, சுவிட்சு இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தார். தள்ள முடியாதது குடத்தில் மிச்சமாகக் கிடந்தது. (அந்தக் குடத்தில் பெண் பெயரோ நிலமில்லாதவன் பெயரோ ஒருபோதும் விழுந்ததில்லை என்பதையும் ஜனநாயகப் பெருமை பேசுகிற நாம் ஒரு மூச்சு நிறுத்திச் சொல்ல வேண்டும்.)

தள்ளும் பட்டியலில் முதல் ஆள் யார் என்று பார்த்தால் திருடனோ கள் குடித்தவனோ அல்ல. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன். அவனோடு நிற்கவில்லை, அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மைத்துனன், மருமகன் என்று உறவு முழுவதையும் குடத்தில் இடக் கூடாது என்கிறது. பஞ்சமாபாதகங்கள்கூட அதற்குப் பிறகுதான் வருகின்றன. கொடுத்தது எங்கே போயிற்று என்று திரும்பி வந்து சொல்லாதவன்மேல் அந்தச் சபைக்கு ஏன் அத்தனை கோபம் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். மழை விட்டிருந்தது. முதல் மழைக்குப் பிறகு வரும் ஈசல் விளக்குமேல் சோறு இறைத்தது போல வந்து விழுந்தது. சாலவாக்கம் பக்கத்துக் கல்குவாரியிலிருந்து வரும் டிப்பர் லாரிகள் சாலையை உழுது வைத்திருந்ததால் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. முதல் பள்ளத்திலேயே துடித்தது. அவர் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கவில்லை, டேஷ்போர்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. “இடது கை இண்டிகேட்டர் போடுங்க” என்றார். போட்டேன். டிக் டிக் என்று அது எரிந்து அணைய, அதே தாளத்துக்கு ஹெட்லைட் இரண்டும் மங்கி மங்கி எழுந்தன. இத்தனை நாள் ஓட்டுகிறேன், இதைக் கவனித்ததே இல்லை.

“நிறுத்துங்க சார். ப்ளஸ்ஸ விட்டுடுங்க. மைனஸ் பக்கம்.”

நான் பள்ளிக்கூடத்தில் மின்சுற்று படித்தவன். பேட்டரியில் புறப்பட்ட மின்சாரம் பல்பில் எரிந்து தீர்ந்துபோவதில்லை, சுற்றி வந்து மறுபடி பேட்டரிக்கே சேர வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வண்டியில் உட்கார்ந்ததும் அதெல்லாம் மறந்துபோய், எண்ணெய் ஊற்றி எரிக்கும் விளக்கு போலத்தான் மனசு நினைக்கிறது. எண்ணெய் வருகிறதா, திரி இருக்கிறதா, அவ்வளவுதான். காரில் அந்தத் திரும்பும் வழிக்குத் தனி வயர் பெரும்பாலும் கிடையாது. பல்பிலிருந்து ஒரு சின்ன வயர் பக்கத்துத் தகரத்தில் ஒரு போல்ட்டோடு முடிந்துவிடும். அப்புறம் வண்டியின் முழு உடம்பும்தான் வயர். அதை எர்த் என்கிறோம். நாலு ரப்பர் டயர்மேல் நிற்கும் அந்த எர்த் ஒரு நாளும் மண்ணைத் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அவருக்கு ஏரிப் பாசனத்தில் அரைக் காணி இருக்கிறது. பல்லவர் காலத்தில் வெட்டிக் கல்வெட்டில் வைரமேகத் தடாகம் என்று பெயர் வாங்கிய அதே ஏரிதான். பானெட்டைத் திறந்துகொண்டே, “மதகுல தண்ணி வருதான்னு ஊரே போய்ப் பாக்கும் சார். வடிகால்ல எவனாவது மண்ணப் போட்டு அடச்சிருப்பான், அங்க யாரும் போவ மாட்டான். பயிர் அழுவுனப்புறம் மதகத் திட்டுவாங்க” என்றார். வாய் பேசிக்கொண்டிருக்க, கை ஒரு நீள வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் கிளிப் போட்டு, மறுமுனையை விளக்கின் எர்த் வயரில் தொட்டது.

வெளிச்சம் நின்றது. நின்றது மட்டுமல்ல, ஒரு படி ஏறியது. எதிரே வேலிக்காத்தான் புதரில் ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாகத் தெரிந்தது. வயரை எடுத்தார், மங்கியது. தொட்டார், எழுந்தது. துடிப்பு போன மாதந்தான் என் கண்ணில் பட்டது, மங்கலோ எத்தனை வருஷமாக இருந்ததோ தெரியாது. கண்ணுக்கு வயசாகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கண்ணாடியைக்கூட மாற்றியிருந்தேன்.

பிறகு மீட்டரை எடுத்தார். விளக்கை எரியவிட்டு, ஒரு முள்ளை பேட்டரி மைனஸிலும் மற்றதை விளக்கின் எர்த்திலும் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.9 வோல்ட் காட்டியது; வண்டியைக் கையால் உலுக்கியபோது எகிறிக் குதித்தது. இரண்டு பல்புக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் அளவு ஓடுகிறது என்றால், அந்த வழியில் எங்கோ உட்கார்ந்திருந்த தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது போதும். பல்புக்குப் போகும் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இண்டிகேட்டர் புதிரும் அவிழ்ந்தது. இரண்டும் ஒரே போல்ட்டு வழியாகத் திரும்புகின்றன. வாசல் குறுகிவிட்டதால், இண்டிகேட்டர் உள்ளே நுழையும்போதெல்லாம் ஹெட்லைட் இடம்விட்டு ஒதுங்கி நிற்கிறது.

போல்ட்டு இடது பக்க மட்கார்டுக்கு உட்புறம் இருந்தது. இருந்தது என்று தடவித்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அதன்மேலும் அடியிலும் வயர் முனையின் வளையத்துக்கு நடுவிலும் வழவழவென்று நீலப் பெயிண்ட்.

“டிங்கரிங் பண்ணீங்களா சார்?”

பண்ணினேன். மூன்று வருஷத்துக்கு முன் மகள் கல்யாணத்துக்கு. பட்டறையில் நின்றுகொண்டு, உள்பக்கமும் விடாமல் அடியுங்கள், ஒரு போல்ட்டுகூடத் துருவோடு தெரியக் கூடாது என்று சொன்னது நான்தான். அவர்கள் சொன்னபடி செய்திருக்கிறார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. மரைகளின் விளிம்பு வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஓடியிருக்கிறது. அங்கேயும் துரு ஏற ஏற வழி இழையளவுக்கு மெலிந்துவிட்டது. பளபளவென்று மாப்பிள்ளை அழைப்புக்குப் போன கார், அன்றிலிருந்தே தான் வாங்கியதற்குக் கணக்கு ஒப்படைக்க வழியில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சுவரில் எழுதியவர்கள் ஏன் மாமன் மக்கள் வரைக்கும் போனார்கள் என்பது அந்தப் போல்ட்டருகில் டார்ச் பிடித்து நின்றபோது லேசாக விளங்கியது. ஒருவன் திரும்பும் வழியை அடைத்தால் கூட இருக்கும் எல்லா விளக்கும்தான் மங்குகிறது.

அவர் போல்ட்டைக் கழற்றினார். உப்புத்தாளை மடித்து, போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசளவுக்கு வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்தார். வளையத்தையும் தேய்த்தார். பல் வைத்த நட்சத்திர வாஷர் ஒன்றைப் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் அப்பினார். பத்து நிமிஷ வேலை. மீட்டர் முள் பூஜ்யத்தை ஒட்டி உட்கார்ந்தது. இருநூறு ரூபாய் கொடுத்தேன். “வாஷர் மூணு ரூபா சார், மிச்சம் கேள்வி கேட்டதுக்கு” என்று வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “என்ன சார், இவ்ளோ நல்லா பெயிண்ட் அடிச்சிட்டு உள்ள இப்படிச் சுரண்டி வெச்சிருக்காங்க? எங்கிட்ட டச்சப் டப்பா இருக்கு, எடுத்துட்டு வரவா?”

வேண்டாம் என்று அவசரமாகப் பானெட்டை மூடினேன்.